இயல்புநிலைக் குடும்பப் படம்

ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்திக் கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், வீட்டிலோ தோட்டத்திலோ கடற்கரையிலோ அவர்கள் தங்களுக்குள் பேசி விளையாடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் உருவப்படம் இது. தொழிலில் உள்ளவர்கள் ‘லைஃப்ஸ்டைல் ஷூட்’ என்பார்கள். திருமண ஆல்பங்கள் வழியே நம்மிடம் பரவிய ‘கேண்டிட்’ என்ற பெயரையே பலரும் இதற்கும் சொல்கிறார்கள். அது முழுக்கப் பொருந்தாது. கேண்டிட் எடுப்பவர் எதிலும் தலையிடுவதில்லை. இங்கே தலையிடுகிறார், ஆனால் படத்தில் அது தெரியக்கூடாது. இடம், நேரம், உடைகளின் நிறம், வெளிச்சம் விழும் பக்கம் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தவை.

இயல்பாக இருப்பது ஒளிப்படத்துக்குத் தாமதமாகவே கைவந்தது. 1839இல் பாரிசில் டாகெரோடைப் என்ற தகட்டு ஒளிப்பட முறை வெளியானபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. 1840இல் வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட லென்ஸும், தகட்டின் உணர்திறனைக் கூட்டும் வேதிப்பொருள்களும் சேர்ந்து அதை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தன. ஆனாலும் அத்தனை நேரம் ஒரே சிரிப்பை முகத்தில் பிடித்து வைக்க முடியுமா? நிற்பவரின் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கு அது உதவாது. எனவே தாயைத் துணியால் மூடி நாற்காலி போலாக்கி, அவள் மடியில் குழந்தையை உட்காரவைத்து எடுத்தார்கள். விக்டோரியா காலத்துப் படங்கள் பலவற்றில், குழந்தையின் பின்னால் ஆள் வடிவில் ஒரு துணிக் குவியல் தெரியும். சிலவற்றில் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டிருக்கும்.

1854இல் பாரிசின் ஒளிப்படக்காரர் டிஸ்டெரி ஒரே தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முகவரி அட்டை அளவிலான அந்தச் சிறு படங்கள் விலை மலிந்து, குடும்ப ஆல்பம் என்ற பழக்கத்தையே உண்டாக்கின. படத்திலிருந்த விறைப்பு மட்டும் குறையவில்லை.

விறைப்பைக் குலைத்தவர்கள் தொழில்முறைக்காரர்கள் அல்லர், வீட்டிலிருந்த பெண்கள். லண்டன் தெற்குக் கென்சிங்டனில், தன் வீட்டில் ஏறக்குறைய வெறுமையாக இருந்த ஒரு தளத்தில், கிளெமென்டினா ஹாவர்டன் தன் பெண்மக்களைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் படமெடுத்தார். கண்ணாடியில் சாய்ந்தும் வெளியே பார்த்தும் நிற்கும் அந்தப் பெண்களுக்குக் கேமராவைப் பற்றிய கவலையே இல்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அவர் இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த தன் வீட்டின் கோழிக்கூட்டை ஸ்டுடியோவாக்கி, உறவினர்களையும் வேலைக்காரப் பெண்களையும் உட்காரவைத்தார். நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கச் சொன்னதால் அவர்களுக்கு அது நிம்மதியான பொழுதாக இருந்திராது. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தபின் அங்கிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் விவரித்த ஜெலட்டின் உலர்தகடு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. நொடியின் சிறு பகுதியே போதும் என்றாயிற்று. அதாவது, அசையாமல் நிற்பதற்கான தொழில்நுட்பக் காரணம் 1880களிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தலைமுறை மக்கள் ஸ்டுடியோவில் விறைத்துத்தான் நின்றார்கள். பழைய படங்களின் இறுக்கத்துக்குக் கேமராவை மட்டும் குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் இதற்கு நல்ல சான்று. 1856இலேயே சென்னையில் ஒளிப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிற்றூர்களுக்கும் ஸ்டுடியோ வந்தது: மாளிகைப் படியோ பூங்காவோ வரைந்த திரை, ஒரு முக்காலி, பூச்சாடி, மூலையில் பவுடர் டப்பாவும் சீப்பும் மாட்டிய கண்ணாடி. பெரியவர் நாற்காலியில் அமர்வார், மனைவி பக்கத்தில் நிற்பாள், பிள்ளைகள் உயரவரிசையில். “மோவாயைத் தூக்குங்க, கண்ணை இமைக்காதீங்க” என்ற குரலுக்குப் பின்தான் கிளிக். நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து முகச் சுருக்கத்தையும் எடுத்துவிடுவார்கள். வாழ்நாளில் ஓரிரு முறை மட்டும் எடுக்கும் படம். நாளைக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது, என்றோ ஒருநாள் மாலை ஏறுவது. அதில் பல்லைக் காட்டிச் சிரிப்பது சிறுபிள்ளைத்தனம் என்று அவர்கள் எண்ணியதில் தவறில்லை. மரியாதையாகத் தெரியவே காசு கொடுத்தார்கள்; அது கிடைத்தது. அழிந்துவரும் இந்த ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின் கீழ் தேடி மின்வடிவாக்கியிருக்கிறார்கள்.

வேறிடங்களில் மாற்றம் இரு வழிகளில் வந்தது. ஒன்று மலிவுக் கேமரா. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்ற கோடக் கேமராவில் 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. 1900இல் வந்த பிரவுனியின் விலை ஒரே ஒரு டாலர். பிரான்சில் ஜாக் ஆன்ரி லார்டீக் என்ற சிறுவன், தந்தை கொடுத்த கேமராவால் உறவினர்கள் குதிப்பதையும் விழுவதையும் எடுத்துக் குவித்தான். படிகளின் மேல் பறப்பதுபோல் உறவுக்காரப் பெண் ஒருத்தி தாவும் படம் 1905இல் எடுத்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

மற்றது தொழில்முறை வழி. நியூயார்க்கில் 1890களின் இறுதியில் ஸ்டுடியோ தொடங்கிய கெர்ட்ரூட் கேஸ்பியர் வரைந்த திரையையும் போலித் தூண்களையும் ஒதுக்கினார். தாய்-சேய்ப் படங்களுக்கு வீடுகளுக்கே போனார். வாசலில் மகளை முன்னே நிறுத்தி அவள் தோளருகே குனிந்து நிற்கும் தாயின் படம் (1899) ஒரு நண்பரின் வீட்டில் எடுத்ததுதான். மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகே கலை படிக்கப் போனவர் அவர். இன்றைய லைஃப்ஸ்டைல் படத்துக்கு ஒரு முன்னோடியைச் சொல்ல வேண்டுமானால் இவரையே சொல்வேன்.

இயல்பு என்பது எவ்வளவு உழைப்பில் விளைவது என்பதற்கு அமெரிக்கரான சாலி மான் 1992இல் வெளியிட்ட ‘இம்மீடியட் ஃபாமிலி’ நூலைப் பார்க்கலாம். வர்ஜீனியாவில் தன் மூன்று குழந்தைகளை அவர் எடுத்த படங்கள் தற்செயலாகக் கண்ணில் பட்டவை போலிருக்கும். எடுத்ததோ முக்காலியில் நிற்கும் 8×10 அங்குலப் பெரிய கேமராவால். குழந்தைகள் ஆடையின்றி இருந்த படங்கள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. பிள்ளையின் படத்துக்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்ற கேள்வி அப்போது உரக்க எழுந்தது. எதிர்முனையில் ஒளிப்படக்காரர் நிக்கலஸ் நிக்சன். மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அதே வரிசையில், ஆண்டுக்கு ஒரு படம். அவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்; தோளில் சாயும் விதத்திலேயே ஆண்டுக்கு ஆண்டு ஏதோ மாறிவிடுகிறது.

டிஜிட்டல் கேமரா விலை இறங்கிய 2000களில்தான் லைஃப்ஸ்டைல் ஷூட் தனித் தொழிலாயிற்று. ஃபிலிம் செலவில்லை, நூறு எடுத்துப் பத்தை வைத்துக்கொள்ளலாம். மறுபுறம், அமெரிக்கக் கடைகளுக்குள் உருவப்பட ஸ்டுடியோக்கள் நடத்திவந்த சிபிஐ (CPI) நிறுவனம் 2013இல் மூடப்பட்டது. கைபேசி வந்தபின் படங்களுக்குப் பஞ்சமில்லை. எடுப்பவர்தான் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. பல வீடுகளில் அது அம்மா. வெளியாள் ஒருவரைக் காசு கொடுத்து அழைப்பதற்கு இந்தக் குறையே போதுமான காரணமாகிறது.

எடுக்கும் முறை எளிது, வாய்ப்பது அரிது. சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், அல்லது வீடென்றால் பெரிய சன்னலின் பக்க வெளிச்சம். அறை விளக்குகளை அணைத்துவிடுவார்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோல் நிறம் கெடும். “சிரிங்க” என்று சொல்லமாட்டார்கள். குழந்தையிடம், “அப்பா காதுல ஒரு ரகசியம் சொல்லு” என்பார்கள். ரகசியம் முடிந்து அப்பா நிமிரும் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பார்கள். முதல் இருபது நிமிடப் படங்கள் பெரும்பாலும் வீண்; அதற்குள் குழந்தை கேமராவை மறந்துவிடும், பெரியவர்கள் மறக்க இன்னும் நேரமாகும். எடுத்தவற்றைச் சமூக ஊடகத்தில் விளம்பரத்துக்குப் போடலாமா என்று பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதைப் பல ஒளிப்படக்காரர்கள் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.