குடும்ப நோயும் குலவிதியும்

1912ஆம் ஆண்டு பேர்லினில் வெளிவந்த சத்திரசிகிச்சைச் சஞ்சிகை ஒன்றில், ஹக்காரு ஹஷிமோட்டோ என்னும் இளம் யப்பானிய வைத்தியர் ஜேர்மன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். கழுத்து வீங்கிய நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட தைரொயிட் சுரப்பியை ஆராய்ந்த அவர், அதனுள் நிணநீர்க் கலங்கள் திரண்டு கிடக்கக் கண்டார். மேலைநாட்டு வைத்திய உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. முன்பே அறியப்பட்ட வேறொரு நோயின் முதற்கட்டமே இது என்று கருதியோர் பலர். ஹஷிமோட்டோவோ சொந்த ஊர் திரும்பிக் கிராம வைத்தியராக உழைத்து, 1934இல் நெருப்புக் காய்ச்சலால் மாண்டார். இது தனி நோயே என்று அமெரிக்கர் இருவர் வாதிட்டது 1931இல்தான்.

நோயின் காரணம் துலங்கியது 1956இல். உடல் தன்னையே தாக்காது என்பது போல் ஏர்லிக் வகுத்த கொள்கை அரை நூற்றாண்டாக வைத்தியரின் சிந்தையை ஆண்டு வந்தது. அமெரிக்காவின் பஃபலோவில் ரோஸ், விட்டெப்ஸ்கி ஆகியோர் முயல்களில் நடத்திய சோதனையும், இலண்டனில் ரொயிற், டோனியாக் முதலியோர் நோயாளரின் குருதியில் கண்ட பிறபொருளெதிரிகளும் அக்கொள்கையைத் தகர்த்தன. உடலைக் காக்கவேண்டிய படையே சொந்தச் சுரப்பியை அழிக்கிறது!

1960இல் பிரித்தானிய ஆய்வாளர் நோயாளரின் உறவினரைச் சோதித்து, இவ்வெதிரிகளை உண்டாக்கும் போக்கு குடும்பவழி வருவதற்குச் சான்று காட்டினர். அன்று முதல் 'பரம்பரை' என்ற சொல் இந்நோயோடு ஒட்டிக்கொண்டது. அச்சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாளவேண்டும். பரம்பரை என்றவுடன் குலத்தின் மாசு என்று பொருள் கொள்வோர் நம்மிடையே குறைவல்லர். பெண்களையே பெரிதும் பீடிக்கும் இந்நோயை, மகளின் கலியாணத்துக்கு அஞ்சித் தாய்மார் மறைப்பதும் அதனாலன்றோ?

டென்மார்க்கில் இரட்டையரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நோக்கத்தக்கது. இந்நோய் முற்றிச் சுரப்பி செயலிழந்தவரின் ஒத்த இரட்டையருள் 55 வீதமானோர்க்கே அந்நிலை இருந்தது. ஒவ்வாத இரட்டையரில் எவர்க்கும் இல்லை. பரம்பரையலகுகளின் பங்கு பெரிதென்பதில் ஐயமில்லை. ஆயினும், அவ்வலகுகள் அனைத்தையும் பொதுவாகப் பெற்ற இருவருள் ஒருவர் நோயுறவும் மற்றவர் தப்பவும் முடிகிறதென்றால், எஞ்சிய காரணத்தைப் பிறப்புக்கு வெளியேதான் தேடவேண்டும்.

அவ்வாறு தேடுமிடத்து அயடீனும் ஒன்றாக வருகிறது. இலங்கையில் கழலை நோயைத் தடுக்க 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. பயன் பெரிது, அதனை மறுப்பார் இலர். 2000இல் வெளியான ஓர் ஆய்வோ, நம் பாடசாலை மாணவியரிடையே தைரொயிட் எதிரிகள் மிகுந்திருக்கக் கண்டு, அயடீன் காரணமோ என வினவியது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்ற இந்த அளவுக் கணக்கு எந்தச் சாதகக் குறிப்பிலும் அடங்காது.

தாய்க்கு நோயிருப்பின் மகளின் குருதியையும் சோதிக்கலாம். சுரப்பி தளர்ந்தவர்க்குத் தைரொக்சின் குளிசை உண்டு. நாளுக்கொன்றாக, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டும். அதற்கு முதலில் தாய் தன் நோயை மகளிடம் கூறவேண்டும்.