பழைய கார் கடனும் வாய் திறவாத பிரதிவாதியும்: இங்கிலாந்துக் காலவரையறைச் சட்டத்தின் ஒரு குறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தக் கடனை வசூலிக்க வழக்குத் தொடுப்பதற்கு 6 ஆண்டுகள்தான் அவகாசம். 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. ஆனாலும் தவணை நின்று நெடுங்காலம் ஆகிவிட்ட கார் கடன்களுக்கு, கடன்களை மொத்தமாக விலைக்கு வாங்கும் நிறுவனங்கள் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடுகின்றன. இந்தச் சட்டப் பாதுகாப்பு இரண்டு இடங்களில் ஓட்டையாக இருக்கிறது. காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது ஒன்று. பிரதிவாதி வாய் திறக்காவிட்டால் காலவரையறையை யாருமே பார்ப்பதில்லை என்பது மற்றொன்று. சட்ட ஆய்வாளர்கள் முதலாவதைப் பற்றியே அதிகம் எழுதுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவதுதான் கூடுதல் தீங்கானது.

கார் கடனைக் கிரெடிட் கார்டு பாக்கியோடு ஒன்றாக வைத்துப் பேச முடியாது. வாடகைக் கொள்முதல் வகைக் கடனில், கடைசித் தவணை கட்டும்வரை கார் கடன் கொடுத்த நிறுவனத்தின் சொத்து. அதனாலேயே 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் வாடிக்கையாளருக்குத் தனிக் காப்புகளைத் தந்திருக்கிறது. மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டியவரிடமிருந்து, அவர் தவணை தவறினாலும், நீதிமன்ற ஆணை இல்லாமல் காரை எடுத்துச் செல்லக் கூடாது (பிரிவு 90). மீறி எடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. வாடிக்கையாளர் எந்தப் பாக்கியும் தர வேண்டியதில்லை, கட்டிய பணம் முழுவதையும் திரும்பப் பெறவும் உரிமை உண்டு (பிரிவு 91). தானே முன்வந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்பவரின் பொறுப்பு பொதுவாக மொத்த விலையில் பாதியோடு நின்றுவிடும் (பிரிவுகள் 99, 100).

இந்தக் காப்புகளெல்லாம் நடந்த சம்பவத்தைப் பொறுத்தவை. வீட்டு வாசலில் நின்ற காரை வண்டியில் ஏற்றிச் சென்றபோது வாடிக்கையாளர் விரும்பிச் சாவியைக் கொடுத்தாரா, வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்களா? அன்றைக்கு எத்தனை தவணை கட்டியிருந்தார்? ஏலத்தில் கார் என்ன விலைக்குப் போனது? விரும்பிக் கொடுத்திருந்தால் 90ஆம் பிரிவின் காப்பு இல்லை. மூன்றில் ஒரு பங்கைக் கட்டியவர் மறுத்தும் எடுத்திருந்தால் கடனே இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து இதை நிரூபிக்கும் காகிதம் எந்தக் குடும்பத்தில் இருக்கும்? கணக்குகள் நிறுவனத்தின் கணினியில் இருக்கலாம். வாசலில் நடந்ததற்கு வாடிக்கையாளரின் நினைவு மட்டுமே சாட்சி. காலவரையறை என்பது சோம்பேறிக் கடனாளிக்குக் கிடைக்கும் சலுகை என்று நினைப்பவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி, காலம் ஓடத் தொடங்கும் நாள். வட்டி தவறினால் முதலை உடனே கேட்கலாம் என்று பத்திரத்தில் இருந்தால், அப்படிக் கேட்கக்கூடிய முதல் நாளிலேயே காலம் ஓடத் தொடங்கிவிடும் என்று 1891இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர் கேட்காமல் சும்மா இருந்து கெடுவை நீட்டிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். 2012இல் பி.எம்.டபிள்யூ நிதி நிறுவனம் தொடுத்த வாடகைக் கொள்முதல் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. ஒப்பந்தத்தை முறித்தால் செலுத்த வேண்டிய தொகைக்கு, தவணை தவறிய நாளிலிருந்து அல்ல, நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்த நாளிலிருந்துதான் காலம் ஓடும் என்றது. 2019இல், கடன்களை விலைக்கு வாங்கும் பி.ஆர்.ஏ குழுமத்தின் கிரெடிட் கார்டு வழக்கு இன்னொரு படி மேலே போனது. நுகர்வோர் கடன் சட்டத்தின் 87ஆம் பிரிவு கோரும் தவணைத் தவறல் அறிவிப்பு வெறும் நடைமுறை அல்ல. அது தரும் கெடு முடிந்த பிறகே முழுப் பாக்கிக்கான வழக்கு மூலம் (வழக்குத் தொடுக்கும் உரிமை) எழுகிறது என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது.

அறிவிப்பு எப்போது போகும் என்பதை முடிவு செய்வது கடன் கொடுத்த நிறுவனம். ஆக, தனக்கு எதிராக ஓட வேண்டிய காலத்தைத் தொடங்கிவைக்கும் உரிமையும் அதனிடமே இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முதல் தவறலிலேயே காலம் ஓடத் தொடங்கினால் நிறுவனங்கள் பொறுமை காட்டாமல் நீதிமன்றத்துக்கு ஓடும், அது கடனாளிக்கே கேடு என்பார்கள். ஆனால் அதே 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அந்தக் கவலைக்கு ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. கெடுவுக்குள் கடனாளி கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் புதிதாக ஓடும். உண்மையிலேயே அவகாசம் கொடுத்து, மாதம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு எந்த நட்டமும் இல்லை. நட்டப்படுவது எதையும் செய்யாமல் இருந்த நிறுவனம்தான். காலம் முடிந்த பின் கட்டும் பணமோ எழுதும் கடிதமோ செத்த உரிமையை உயிர்ப்பிக்காது என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது.

மேலும், கார் கடனுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை இருக்கிறது. 2019 தீர்ப்பு முன்கூட்டியே கேட்கும் முழுப் பாக்கியைப் பற்றியது. ஏற்கெனவே கெடு வந்துவிட்ட தவணையை வசூலிக்க 87ஆம் பிரிவு அறிவிப்புத் தேவையில்லை. ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் நாளிலிருந்தே காலம் ஓடும். ஒப்பந்தத்தை யாரும் முறிக்காமல் நான்காண்டுத் தவணை தானாக முடிந்துவிட்டால், கடைசித் தவணை நாளிலிருந்து 6 ஆண்டுகளில் எல்லாமே காலாவதி. எதிர்வுரை எழுதும்போது பலர் கோட்டைவிடும் இடம் இது. கடைசியாகப் பணம் கட்டிய தேதியை மட்டும் எழுதுகிறார்கள். ஒப்பந்தம் எப்போது முடிந்தது, எப்படி முடிந்தது, அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது என்பவற்றை வாதி ஆவணத்தோடு காட்ட வேண்டும் என்று கேட்பதில்லை. காலவரையறை என்று எழுப்பிவிட்டால், வழக்கு மூலம் கெடுவுக்குள் எழுந்தது என்று காட்டும் பொறுப்பு வாதியுடையது.

ஆனால் இவ்வளவும் எதிர்வுரை போட்டவருக்குத்தான். கவுண்டி நீதிமன்றப் பணத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பகுதி பிரதிவாதி எதிர்வாதம் செய்யாமல் வருபவை. கோரிக்கை விவரம் கிடைத்து 14 நாளில் பதில் போட வேண்டும். பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அனுப்பினால் 28 நாள். படிவம் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் போகிறது. பழைய கடனாளி வீடு மாறியிருப்பது சாதாரணம். கெடு தாண்டினால், குறிப்பிட்ட தொகைக்கான தீர்ப்பை நீதிபதி பார்க்காமலே அலுவலகம் பதிவு செய்கிறது. இணைய வழிப் பண வழக்குகளில் கோரிக்கை விவரத்தை நெடுங்காலமாக 1,080 எழுத்துக் குறிகளுக்குள் அடக்கிவந்தார்கள். ஒப்பந்த எண், பாக்கித் தொகை, கடன் கைமாறிய தேதி ஆகியவை அதில் இருக்கும். தவணை நின்ற நாளும் ஒப்பந்தம் முறிந்த நாளும் பெரும்பாலும் இருக்காது. கடன் கைமாறிய தேதி அண்மையானது என்பதால் படிப்பவருக்குக் கடனே அண்மையானது போலத் தோன்றும்.

தீர்ப்பு வந்துவிட்டால் காலவரையறை என்ற வாதம் போயிற்று. தீர்ப்பை நீக்கக் கோரி, வெற்றிபெறக்கூடிய எதிர்வாதம் உண்டு என்று காட்டி, தாமதிக்காமல் மனுப் போட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். தீர்ப்பான கடனை நிறைவேற்றுவதற்கோ 6 ஆண்டுக்குப் பிறகும் நீதிமன்ற அனுமதியோடு வழி இருக்கிறது.

இந்தியச் சட்டம் இங்கே வேறு வழியில் போகிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 3ஆம் பிரிவின்படி, பிரதிவாதி அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும் காலம் கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும். சென்னையின் உரிமையியல் நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கேட்கும் வங்கியும் இந்தத் தடையைத் தாண்டியாக வேண்டும். நீதிமன்றம் பிரதிவாதிக்காக வாதாடுகிறது என்று இதைச் சொல்ல முடியாது. வாதியின் வழக்குரையில் வழக்கு மூலம் எழுந்த தேதி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையமும் இதில் பாதி வழிதான் வந்திருக்கிறது. காலாவதியானதால் கட்ட மாட்டேன் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்ட பிறகு கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்று அதன் விதிமுறை சொல்கிறது. அங்கும் வாடிக்கையாளர்தான் முதலில் பேச வேண்டும். ஆகவே, இங்கிலாந்தின் காலவரையறைச் சட்டத்தைத் திருத்தாமலே உரிமையியல் நடைமுறை விதியில் ஒரு மாற்றம் செய்யலாம். நுகர்வோர் கடன் வழக்கின் கோரிக்கைப் படிவத்தில் கடைசித் தவணை வந்த நாள், அறிவிப்பு அனுப்பிய நாள், ஒப்பந்தம் முடிந்த நாள் ஆகிய மூன்றையும் வாதி சத்தியப் பிரமாணத்தின் பேரில் நிரப்ப வேண்டும். அவை இல்லாத படிவத்தின் மீதோ, படிவத்திலேயே 6 ஆண்டு கடந்தது தெரியும்போதோ, எதிர்வாதமில்லாத் தீர்ப்பை அலுவலகம் பதிவு செய்யாமல் மாவட்ட நீதிபதிக்கு அனுப்ப வேண்டும்.