தங்கவயலின் மூச்சுக் கணக்கு

தங்கவயல் லைனில் அப்பா இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். "கல்லுத் தூசுப்பா" என்பார், அவ்வளவுதான்.

கோலார் சுரங்கங்களில் 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ்! பாறையைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்கா நுண்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகி, அதை விறைக்கச் செய்கிறது. எக்ஸ்ரே தழும்பைக் காட்டும். போன மூச்சின் கணக்கை, 1846-இல் ஜான் ஹட்சின்சன் உலகுக்கு அறிவித்த ஸ்பைரோமீட்டர்தான் சொல்லும். அப்பாவை அதில் ஊதச் சொன்னவர் யாருமில்லை.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தூசு அடங்கினாலும் இந்நோய் அடங்காது. வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்தும் வளரும். உயிர்மருத்துவப் பொறியியலில் முதுகலை படிக்கும் என் மகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறாள். "கையடக்க ஸ்பைரோமீட்டர் ஒண்ணு செய்யேம்மா, மாரிகுப்பத்திலே ஊதிப் பார்க்க இன்னும் ஆளுங்க இருக்காங்க" என்றேன்.