டி'ஒலிவேரா மறைத்த வயது

இங்கிலாந்தில் ஆடிய காலத்தில் பேஸில் டி'ஒலிவேரா தன் வயதைக் குறைத்தே சொல்லிவந்தார். முதலில் படித்தபோது 'இவருமா?' என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1931இல் கேப் டவுனில் பிறந்தவர். வெள்ளையர் இல்லை என்பதால் தென்னாப்பிரிக்க அணியில் அவருக்கு இடமே கிடையாது. வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார்; 1960இல் லங்காஷயரின் மிடில்டன் கிளப் கூப்பிட்டது. பயணச் செலவுக்கு ஊர்க்காரர்கள் பணம் திரட்டினார்கள். மேட்டிங் பிட்ச்சில் வளர்ந்தவர், ஈரப் புல்தரையில் ஆரம்பத்தில் தடுமாறினார். சீசன் முடிவில் லீக்கின் பேட்டிங் சராசரியில் முதலிடம். 1966இல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. 27 ரன்னில் ரன் அவுட். அப்போது அவருக்கு 34 வயது. உண்மையைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்களா? சந்தேகம்தான். அவர் மறைத்த வருஷங்கள் அவரிடமிருந்து பிடுங்கப்பட்டவை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.