புழுதிக்குத் தெளித்த எண்ணெய்

வாசலில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பது நமக்குப் பழகிய காரியம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1970களின் தொடக்கத்தில், இதே வேலைக்குக் கழிவெண்ணெயைப் பயன்படுத்தினார்கள். மண்சாலை, குதிரை லாயம், சரக்கு லாரிகள் வந்து திரும்பும் முற்றம் என்று புழுதி பறந்த இடங்களுக்கெல்லாம் தன் லாரிகளுடன் வந்து எண்ணெய் தெளித்துவிட்டுப் போனவர் ரசல் பிளிஸ். பயன்படுத்தித் தீர்ந்த எண்ணெயைச் சேகரித்து அகற்றுவது அவருடைய தொழில்.

அதே மாநிலத்தின் வெரோனா என்ற சிற்றூரில் நெப்பாக்கோ என்ற நிறுவனம் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்னும் கிருமிநாசினியைத் தயாரித்துவந்தது. காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கசடில் டையாக்ஸின் இருந்தது. வியட்நாமின் காடுகள்மீது தூவப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சில் கலந்திருந்த அதே நஞ்சு. இந்தக் கசடை அகற்ற ஒரு லாரிக்கு 3,000 டாலர் வீதம் நெப்பாக்கோ இடைநிலை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. அந்த நிறுவனமோ, லாரிக்கு 125 டாலர் என்று பேசி வேலையைப் பிளிஸ்ஸிடம் ஒப்படைத்தது. 1971இல் சுமார் 18,500 காலன் கசடு இவ்வாறு அவர் கைக்கு வந்து, மற்ற எண்ணெயோடு கலந்தது. அதில் என்ன இருந்தது என்பது தனக்குத் தெரியாது என்றே பிளிஸ் கடைசிவரை கூறினார். தன் சொந்த நிலத்திலும் அவர் அதே எண்ணெயைத் தெளித்திருந்தார்.

1971 மே 26 அன்று ஷெனன்டோவா என்ற குதிரை லாயத்தின் அரங்கில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. சில நாட்களில் கூரையிலிருந்து குருவிகள் செத்து விழுந்தன. குதிரைகளுக்கு மயிர் உதிர்ந்து, புண் கண்டது. 60க்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. அங்கு விளையாடிய ஒரு சிறுமி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். மேல்மண்ணை இருமுறை தோண்டி அகற்றியும் குதிரைகள் சாவது நிற்கவில்லை.

இந்தக் கதையின் முதல் புலனாய்வாளர் அரசு அதிகாரி அல்லர். லாயத்தின் உரிமையாளர்களில் ஒருவரான ஜூடி பியாட். ஓராண்டுக்கும் மேலாக அவரும் அவருடைய கூட்டாளியும் பிளிஸ்ஸின் லாரிகளைப் பின்தொடர்ந்தார்கள். எங்கே கொட்டினார்கள், எங்கே தெளித்தார்கள் என்று குறித்துவைத்து, 1972இல் அந்தப் பட்டியலை மாநில, மத்திய அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள்.

நோய்க்கட்டுப்பாட்டு மைய விஞ்ஞானிகள் மண்ணை ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார்கள். மண்ணின் சாற்றை முயலின் காதில் தடவியபோது கொப்புளம் எழுந்தது, முயல்கள் செத்தன. 1974 ஜூலையில்தான் நஞ்சின் பெயர் தெரிந்தது: பத்து லட்சத்தில் 30 பங்குக்கும் மேல் டையாக்ஸின். பிற்காலத்தில் குடியிருப்பு நிலத்துக்குக் கவலைக்குரிய எல்லையாகக் கொண்டது நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை நினைத்தால் இதன் கடுமை புரியும். ஆனால் டையாக்ஸின் ஓராண்டில் பாதியாகச் சிதைந்துவிடும் என்று அன்று நம்பினார்கள். எனவே காத்திருக்கலாம் என்று முடிவாயிற்று. மண்ணில் அது அதைவிட மிக நீண்ட காலம் தங்கும் என்பது பின்னரே தெரிந்தது. இதற்கிடையில் வேறொரு லாயத்திலிருந்து தோண்டிய மண் குடியிருப்புப் பகுதியில் பள்ளம் நிரப்பப் பயன்பட்டிருந்தது. தூய்மைப்படுத்துவதாக எண்ணிச் செய்த வேலையே நஞ்சை வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்த்தது.

டைம்ஸ் பீச் என்ற ஊரின் முறை இறுதியில் வந்தது. 1925இல் ஒரு நாளிதழ், சந்தா கட்டுபவர்களுக்கு மலிவு விலையில் மனை தருவதாக விளம்பரம் செய்து, மெரமெக் ஆற்றங்கரையில் உருவாக்கிய ஊர் அது. தார் போட வசதியில்லாத அதன் தெருக்களில் 1972 முதல் 1976 வரை பிளிஸ் எண்ணெய் தெளித்திருந்தார். 1982 டிசம்பர் தொடக்கத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மண் மாதிரிகளை எடுத்து முடித்த கையோடு ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்த மக்களிடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஊர் வாழத் தகுந்ததல்ல என்ற செய்தி வந்தது. 1983 பிப்ரவரியில் அரசு ஊர் முழுவதையும் விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். 1985இல் டைம்ஸ் பீச் ஊராட்சி என்ற நிலையையும் இழந்தது.

1996இல் அங்கேயே ஓர் எரியுலை அமைத்து, கிழக்கு மிசௌரியின் 27 இடங்களிலிருந்து கொண்டுவந்த சுமார் 2,65,000 டன் மண்ணை எரித்தார்கள். 1997இல் பணி முடிந்தது. வெளியேறப் பரிந்துரைத்த அதிகாரியான வெர்னான் ஹௌக், அந்த முடிவு மிகையானதோ என்று 1991இல் ஐயப்பட்டார். 1997இலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த டையாக்ஸினை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. அறிவியல் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆனால் ஊரை இழந்தவர்களுக்கு எந்தத் திருத்தமும் வீட்டைத் திருப்பித் தரவில்லை.

1999இல் அந்த இடம் ரூட் 66 மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. புல் படர்ந்த ஒரு மேடு அங்கே இருக்கிறது. இடித்த வீடுகளெல்லாம் அதற்குள்தான் புதைந்திருக்கின்றன. 1972இல் ஒரு பெண் அனுப்பிய பட்டியலுக்கும் இந்த மேட்டுக்கும் இடையே சென்ற ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். நஞ்சைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டவர் சொல்வதைக் கேட்கத்தான் அதிக காலம் பிடித்தது.