பக்கிங்ஹாம் கால்வாய்

ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளும் பக்கிங்ஹாம் கால்வாய், ஒரு காலத்தில் சென்னையின் முக்கியச் சரக்குப் பாதை. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பணி தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. பகுதி, 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் வெட்டிய கால்வாய்க்கு, ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது.

விறகும் உப்பும் படகுகளில் நகருக்கு வந்தன. இரயில் விரைவாகச் சென்றது. பின்னர் வந்த லாரியோ கடைவாசலிலேயே சரக்கை இறக்கியது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களில் சிதைந்த கால்வாய், முறையான பராமரிப்பின்றி விடப்பட்டது. நகருக்குள் அது கழிவுநீர் ஓடையாக மாறியது. 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்கான தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டன. பயணிகளுக்கு வழி கிடைத்தது. படகுக்கான வழி குறுகியது. ஆயினும் 2008இல் இக்கால்வாய் 4ஆம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது.