வாயில்லாத செல்

கெளுத்தி மீனை எங்கள் வீட்டில் சாம்பல் போட்டுத்தான் கழுவுவார்கள். வழவழப்பு போகும்வரை கல்லில் தேய்க்கணும், இல்லாட்டி கைக்கு நிக்காது. அந்த வழவழப்பை வெறும் அழுக்கு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் ஒருநாள் கெண்டைத் தோலின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். நம் தோலின் மேல்பரப்பு செத்த செல்களின் அடுக்கு. மீனுக்கு அப்படியில்லை, தண்ணீரைத் தொடுகிற கடைசிச் செல் வரை உயிரோடு இருக்கிறது. செதில்கூட வெளியே இல்லை. அதையும் மெல்லிய மேல்தோல் போர்த்தியிருக்கிறது. அதற்குள் கோப்பை மாதிரி சளிச் செல்கள், வெளியே வாய் திறந்தபடி. அவற்றினூடே வெளிறிப்போய், பெரிதாக இன்னொரு வகை. இதற்கு வாயே கிடையாது.

19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் நுண்ணோக்கியாளர்கள் இந்தச் செல்லைப் பார்த்திருந்தார்கள். உருவத்தை வைத்துத் தடிச் செல் என்று பெயரும் வைத்தார்கள். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

தெரியவந்தது ஒரு விபத்தில். தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973இல் நோபல் வாங்கிய அதே கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1930களில் மின்னோ என்ற சிறு மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அடையாளத்துக்காக ஒரு மீனின் வால் பக்கம் நரம்பை வெட்டினார், அந்தப் பகுதி கறுத்துவிடும் என்பதால். காயம்பட்ட மீனைத் திரும்ப விட்டதும் கூட்டம் மிரண்டு விலகியது. வேறு யாராவது என்றால் ‘சே, சோதனை கெட்டுப்போச்சே’ என்று விட்டிருப்பார்கள். அவர் மீன்தோலை நசுக்கித் தண்ணீரில் கலந்து பார்த்தார். மறுபடியும் ஓட்டம். 1938இல் முதல் குறிப்பை வெளியிட்டார். தோலில் இருப்பதை ‘ஷ்ரெக்ஸ்டோஃப்’, அச்சப்பொருள், என்றார்.

விரிவான கட்டுரை 1940களின் தொடக்கத்தில் வந்தது. மியூனிக்கில் அப்போது நாஜி அரசு அவருடைய பாட்டி யூத வம்சம் என்று தோண்டியெடுத்து, வேலையைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தேனீக்களைக் கொன்ற நோசிமா என்ற ஒட்டுண்ணி நோயை ஆராய ஆள் வேண்டியிருந்ததால் தப்பித்தார். அந்தச் சூழலில் ஒரு மனிதர் உட்கார்ந்து மீன்களின் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

பிறகு வொல்ஃப்காங் ஃபைஃபர் பல மீனினங்களைப் புரட்டி, அச்சப்பொருளைத் தடிச் செல்லோடு சேர்த்தார். கெண்டையும் கெளுத்தியும் அடங்கிய பெருங்குழுவில் அது இருக்கிறது. வாயில்லாததால் தோல் கிழிந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அதாவது எச்சரிக்கை விடுகிற மீன், பெரும்பாலும் ஏற்கெனவே இன்னொன்றின் வாயில் இருக்கும். தியாகம் என்று நினைத்து நானும் உருகியிருக்கிறேன். ஆனால் பரிணாமக் கணக்கு இடிக்கிறது: ஓடித் தப்பிக்கிற மற்றவர்களுக்காக, செத்துப்போகிற மீன் ஏன் இவ்வளவு பெரிய செல்லைச் சுமக்கணும்?

2007இல் கனடாவின் டக்ளஸ் சிவர்ஸ் குழு வேறு பதில் சொன்னது. தோலைத் துளைக்கும் ஒட்டுண்ணிப் புழுக்களும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமிகளும் தாக்கியபோது இந்தச் செல்கள் பெருகின. அப்படியென்றால் முதல் வேலை சொந்த உடம்பைக் காப்பதாக இருக்கலாம். பக்கத்து மீன்கள் அந்த வாசனையைப் பிடித்து ஓடக் கற்றது அப்புறம் வந்த கதை. எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கிறது.

2012இல் சிங்கப்பூரில் அஜய் மதுரு, சுரேஷ் யேசுதாசன் குழு ஜீப்ரா மீன்களை வைத்து, அச்சப்பொருளின் ஒரு கூறு கான்ட்ராய்டின் என்று காட்டியது. அம்மா முட்டிவலிக்குப் போடுகிற மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே பெயர்.